இளைப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும்: பம்பா, மெஷினா, குளிசையா?

"பிள்ளை, கனடாவில இருந்து மகன் காசு அனுப்பியிருக்கிறான். இவருக்கு நெபுலைசர் மெஷின் ஒன்று எடுத்தால் நல்லதோ?" பாமசியில் நிற்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கார்த்திகை மழையோடு கேட்பவர்கள் கூடுவார்கள், மார்கழிப் பனியில் இன்னும் கூடுவார்கள். மருந்தை நுண்ணிய புகையாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் இந்த மெஷினைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு பை நிறைய மருந்து ஏற்கெனவே இருக்கும். வாயில் வைத்து அடிக்கும் நீலப் பம்ப், பாதி முடிந்த இருமல் பாணி, வேறொரு டொக்டர் எழுதிய சளிக் குளிசை, கிளினிக்கில் கொடுத்த தியோபிலின் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். மெஷின் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க, முதலில் அந்தப் பைக்குள் இருப்பவை எது எதற்கென்று தெரிய வேண்டும்.

நான் இங்கே பேசுவது சி.ஓ.பி.டி. என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட, நாட்பட்ட சுவாச அடைப்பு உள்ளவர்களைப் பற்றி. எங்கள் பக்கத்தில் அது பலருக்குச் சுருட்டாலும் சிகரெட்டாலும் வந்தது. ஒருநாளும் சுருட்டைத் தொடாத அம்மாமாருக்கும் வரும். புகைபோக்கி இல்லாத குசினியில் நாற்பது ஐம்பது வருடம் விறகும் பொச்சுமட்டையும் ஊதி எரித்த நெஞ்சு அது. நெஞ்சுக்குள் இரண்டு கோளாறு சேர்ந்து நடக்கிறது. மூச்சுக்குழாய் ஒடுங்குகிறது. அதற்குள் சளியும் தடித்து ஒட்டிக்கொள்கிறது. குழாயை விரிக்கும் மருந்து வேறு, சளியை இளக்கும் மருந்து வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். குழாயை விரிப்பதுதான் முதல் வேலை. அதற்கு, பெரும்பாலானோருக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு சேர்ந்த பம்ப் போதும். மெஷின் சிலருக்கு மட்டும். குளிசையும் பாணியும் கடைசி. சளியை இளக்கும் மருந்தை டொக்டரோடு பேசி, தவணை குறித்துப் பார்த்து, பலன் தெரிந்தால் மட்டும் தொடரலாம்.

பம்பில் தொடங்குவோம். நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் பம்பில் ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம் மருந்து. சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும், நாலு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். இரண்டு அமுக்கு என்றால் 200 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் குளிசை 4000 மைக்ரோகிராம், அதாவது இருபது மடங்கு. பம்பில் மருந்து நேரே நெஞ்சுக்குப் போகிறது. குளிசையில் வயிறு, இரத்தம், இதயம் எல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் குளிசையில் கூடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆனாலும் பம்ப் என்றால் இன்னும் பலருக்குப் பயம். "பம்ப் பழகினால் விடேலாது" என்பார்கள். அது பழக்கமாகும் மருந்து இல்லை. வருத்தம் நாட்பட்டது என்பதால்தான் மருந்தும் நாட்பட்டதாகிறது.

பம்பில் உள்ள உண்மையான பிரச்சினை அடிக்கும் முறை. "ஐயா, ஒருக்கா எனக்கு முன்னால அடிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டுப் பார்த்தால் தெரியும். பம்பை ஆட்ட மாட்டார். வாயைத் திறந்து அடுத்தடுத்து இரண்டு தரம் அமுக்குவார். குளிர்ந்த காற்று தொண்டையில் பட்டதும் மூச்சை நிறுத்திவிடுவார். வாயோரத்தால் வெள்ளைப் புகை வெளியே வரும். அந்தப் புகைதான் மருந்து. "எனக்குப் பம்ப் கேக்கிறேல்லை" என்று சொல்லும் பலருக்கு மருந்து நெஞ்சுக்குப் போகவே இல்லை.

சரியான முறை இது. பம்பை நன்றாக ஆட்ட வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கி மூடி, ஆறுதலாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது ஒரு தரம் அமுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் பத்து வரை எண்ணும் நேரம் மூச்சை அடக்கிப் பிறகு விட வேண்டும். அடுத்த அமுக்குக்கு முன் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். கை விறைத்த, மூச்சு முட்டிய எழுபது வயதுக்காரருக்கு இவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்வது கஷ்டம். அதற்குத்தான் ஸ்பேசர். பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குடுவை அது. மருந்து அதற்குள் நிற்கும். அமுக்கிவிட்டுச் சாதாரணமாக ஐந்து தரம் மூச்செடுத்தாலும் போதும். ஆனால் ஒவ்வொரு அமுக்காகத்தான் அடிக்க வேண்டும். நாலைந்தை ஒரேயடியாக அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிக் குடுவைச் சுவரிலேயே ஒட்டிவிடும். மாதம் ஒருமுறையாவது சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துவாயால் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் ஏறி மருந்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஆஸ்துமா கடுமையான பிள்ளைகளுக்கு, அடியில் பம்ப் வாய் பொருந்துமளவுக்குத் துளையிட்டு இடைவெளியை அடைத்த 500 மில்லிலீற்றர் குளிர்பானப் போத்தலை வைத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்கு அது குறைவில்லை என்று 1999இல் 'லான்செட்' இதழில் வந்தது. அது பிள்ளைகளில் நடந்த ஆய்வு. பெரியவர்களுக்குக் கடை ஸ்பேசரே முதல் தெரிவு, போத்தல் கையில் எதுவும் இல்லாத நேரத்துக்கு. சமமாக வெட்டி, உள்ளே பிளாஸ்டிக் துகள் இல்லாமல் கழுவிக் காயவைக்க வேண்டும்.

கெப்சூலைப் போட்டு உறிஞ்சும் தூள் மருந்தும் இங்கே நிறையப் பாவிக்கிறார்கள். ரோட்டாஹேலர் மாதிரிச் சாதனங்களில் அமுக்கும் கைத்திறன் தேவையில்லை. ஆனால் நோயாளி வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். பம்புக்கு நேரெதிர். பம்ப் இழுக்கிற மாதிரி மெதுவாக இழுத்தால் தூள் பாதி கெப்சூலுக்குள்ளேயே நின்றுவிடும். இளைப்புக் கூடிய நேரத்தில் பலருக்கு அந்த இழுவை இராது. கெப்சூலை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகும். மழைக்காலத்தில் அலுமாரியே நனைந்த மாதிரி இருக்கும் எங்கள் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். அடிக்கும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். சாதனத்துக்குள் மூச்சை ஊதாதீர்கள். இன்னொன்று, இந்தக் கெப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. குழாயை நீண்டநேரம் விரிக்கும் தியோட்ரோபியம் கெப்சூலும் அப்படித்தான், விழுங்குவதற்கு இல்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். நெபுலைசரில் வழக்கமாகப் போடும் சல்பியூட்டமோல் 2.5 மில்லிகிராம். நீலப் பம்பில் 25 அமுக்குக்குச் சமமான அளவு. அதில் பெரும்பகுதி மெஷினிலும் காற்றிலும் வீணாகிறது என்றாலும், உடம்புக்குப் போகும் அளவு சிறியதல்ல. ஆஸ்பத்திரியில் மெஷின் பிடித்ததும் வரும் சுகத்தைப் பார்த்து, அதுதான் வலுவான மருந்து என்று நினைக்கிறோம். மருந்து அதேதான், அளவுதான் கூட. ஸ்பேசரோடு பம்பைச் சரியாக அடித்தால், திடீரென முற்றும் இளைப்பிலும் பெரும்பாலானோருக்கு மெஷின் தரும் பலனே கிடைக்கிறது.

மெஷினோடு வரும் தொல்லைகளை யாரும் பெட்டியில் எழுதி ஒட்டுவதில்லை. சல்பியூட்டமோல் கரைசல் போத்தலில் ஒரு மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் இருக்கும். அரை மில்லிலீற்றர் விட வேண்டிய இடத்தில் ஒன்றரை விட்டால் இருதயம் பறக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். ஊசிக் குழாயில் கோடு பார்த்துத்தான் எடுக்க வேண்டும், கண்மட்டம் கூடாது. அதோடு கலக்க வேண்டியது கிருமி நீக்கிய 0.9 வீத சேலைன் என்ற உப்புக் கரைசல் மட்டும். கொதித்தாறிய தண்ணீர் என்றாலும் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விட வேண்டாம். குடிக்கும்போது வயிறு சமாளிக்கும் கிருமியை, மெஷின் நுண்ணிய துளியாக்கி நேரே நுரையீரலின் அடிக்குக் கொண்டுபோய்விடும். கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காத வீட்டில் மெஷினே கிருமி வளர்க்கும் இடமாகிறது. கரண்ட் போனால் மெஷினும் இல்லை.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை வேறொன்று. மெஷின் உள்ள வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது பிந்துகிறது. "இன்னொருக்கா பிடிச்சுப் பாப்பம்" என்று இரவு முழுக்கப் பிடித்துவிட்டு, விடியற்காலையில் உதடு நீலமாகிய பிறகு கொண்டுபோகிறார்கள்.

அப்படியென்றால் மெஷின் யாருக்கு? ஸ்பேசரைக்கூடப் பிடிக்க முடியாதளவு கை நடுங்குபவர், மறதி நோயால் சொன்னதைச் செய்ய முடியாதவர், பம்பைச் சரியாகப் பாவித்தும் அடங்காத கடும் நோயாளி. இவர்களுக்கு நெஞ்சு டொக்டர் பார்த்து அளவு எழுதித் தந்தால் தாராளமாக எடுக்கலாம். நெடுந்தீவில் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வரக் கடல் தாண்ட வேண்டும். அங்கே வீட்டில் மெஷின் இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அவருக்குக்கூட, எத்தனை முறைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று கொப்பியில் எழுதி வாங்க வேண்டும். மற்றவர்கள் மகனின் காசில் இரண்டு ஸ்பேசர் எடுங்கள். வீட்டில் ஒன்று, பயணப் பையில் ஒன்று.

குழாயை விரிக்கும் தியோபிலின் குளிசை மலிவு, விழுங்க லேசு, நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஓங்காளம், சத்தி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை அளவு கூடுகிறது என்பதற்கான அறிகுறிகள். அதற்கு மேலே போனால் வலிப்பு வரும். நெஞ்சில் கிருமி என்று வெளியே காட்டும்போது எழுதப்படும் சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி மருந்துகள் தியோபிலினை உடம்பில் தேங்க வைக்கும். ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். சுருட்டை விட்டாலும் தியோபிலின் அளவு இரத்தத்தில் ஏறும், ஏனென்றால் புகை அதை வேகமாகக் கழித்துக்கொண்டிருந்தது. சுருட்டை விடுவதைவிட நல்ல மருந்து இந்த வருத்தத்துக்கு இல்லை. விட்டதை டொக்டரிடம் சொன்னால் அவர் அளவைக் குறைப்பார். மெதுவாக மருந்து விடும் குளிசையை உடைத்தோ அரைத்தோ கொடுக்கக் கூடாது.

இனிச் சளி. இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது.

கார்போசிஸ்டைன், அசிட்டைல்சிஸ்டைன், புரோம்ஹெக்சின், அம்புரொக்சோல் என்று நாலு பெயர்கள் துண்டுகளில் வரும். எல்லாம் சளியின் ஒட்டும் தன்மையைக் குறைக்க முயலும் மருந்துகள். நுரையீரலின் கொள்ளளவையோ காற்றோட்டத்தையோ அவை குறிப்பிட்டுச் சொல்லுமளவுக்குக் கூட்டுவதில்லை. இளைப்பு நேரத்தில் விழுங்கி உடனே சுகம் காணும் மருந்துமில்லை. அவற்றால் கிடைக்கக்கூடியது, வருத்தம் திடீரென முற்றும் தடவைகள் கொஞ்சம் குறைவது. சீனாவில் 709 சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஒரு வருடம் தினம் 1500 மில்லிகிராம் கார்போசிஸ்டைனோ மருந்தில்லாத வெறும் குளிசையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. வெறும் குளிசை எடுத்தவர்களுக்கு ஆளொருவருக்கு வருடத்துக்கு 1.35 தடவை வருத்தம் முற்றியது, மருந்து எடுத்தவர்களுக்கு 1.01 தடவை. உலகளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கிலும், ஏறத்தாழ ஒன்பது மாதம் எட்டுப் பேர் விழுங்கினால் ஒருவருக்கு, விழுங்காதிருந்தால் வந்திருக்கக்கூடிய முற்றல் வராமல் போகிறது. குழாயின் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் பம்ப் ஏற்கெனவே பாவிக்காதவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிகிறது.

எனவே தினமும் தடித்த சளி வந்து, வருடத்தில் இரண்டு மூன்று தடவை வோட்டில் கிடப்பவருக்கு இது முயன்று பார்க்கத் தகுந்தது. வறட்டு இருமல்காரருக்கு வேண்டாம். நாலிலிருந்து ஆறு கிழமை எடுத்துப் பாருங்கள். சளி இளகி லேசாக வருகிறதா, இரவு இருமல் குறைகிறதா என்று கொப்பியில் குறியுங்கள். மாற்றமே இல்லையென்றால் டொக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். கார்போசிஸ்டைன் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றச் சளி மருந்துகளும் இரைப்பையின் உட்சுவரைப் பாதிக்கலாம் என்பதால் வயிற்றெரிவு இருந்தால் முதலே சொல்ல வேண்டும். கரைத்துக் குடிக்கும் அசிட்டைல்சிஸ்டைனில் கூமுட்டை வாசம் வரும். அது பழுதாகியதால் இல்லை, மருந்தில் உள்ள கந்தகம். நுரைக்கும் குளிசையில் சோடியம் இருப்பதால் பிரஷர்காரரும் இருதய வருத்தக்காரரும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். புரோம்ஹெக்சின், அம்புரொக்சோல் இரண்டுக்கும் கடும் ஒவ்வாமையும் தோல் உரிவும் வரும் அபாயம் உண்டென்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்திருக்கிறது. மிக அரிதுதான், ஆனாலும் தோலில் தடிப்போ வாயில் கொப்புளமோ கண்டால் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும். இரண்டு சளி மருந்தைச் சேர்த்து எடுப்பதில் ஒரு பயனும் இல்லை. நாலிலும் ஒன்றைத் தெரிய வேண்டுமென்றால், சி.ஓ.பி.டி.யில் நீண்டகால ஆய்வு அதிகம் உள்ள கார்போசிஸ்டைன் அல்லது அசிட்டைல்சிஸ்டைன் பக்கம்தான் நான் நிற்பேன்.

பாணி மருந்து வாங்கும்போது மட்டும் தயவுசெய்து லேபலை வாசியுங்கள், கண்ணாடி இல்லையென்றால் எங்களிடம் கேளுங்கள். சளிக்கென்று விற்கும் பல பாணிகளில் புரோம்ஹெக்சினோடு சல்பியூட்டமோலோ டெர்பியூட்டலினோ கலந்திருக்கும். பம்பும் அடித்து, தியோபிலினும் விழுங்கி, அந்தப் பாணியையும் குடித்தால் குழாய் விரிக்கும் மருந்து மூன்று வழியால் உள்ளே போகிறது. பிறகு கை நடுங்குகிறது, நித்திரை இல்லை என்று நித்திரைக் குளிசை கேட்டு வருகிறார்கள். மூச்சு அடைப்பு உள்ளவருக்கு நித்திரைக் குளிசை ஆபத்து. இன்னொரு வகைப் பாணி இருமலையே அடக்குவது. கொடீன், டெக்ஸ்ட்ரோமெதோர்பன் உள்ளவை அவை. சளியை இளக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதை வெளியே கொண்டுவரும் இருமலையும் அடக்கினால் சளி நெஞ்சுக்குள்ளேயே தங்கும். நீரிழிவுக்காரருக்குச் சீனிப் பாகும் சேர்கிறது.

சேலைனை விட உப்புக் கூடிய, 3 வீதம் அல்லது 7 வீதக் கரைசலை மெஷினில் பிடிப்பது மூச்சுக்குழாய் அகன்று சீழ்ச் சளி தேங்கும் பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகள் சிலருக்கு எழுதப்படுகிறது. அது குழாயைத் திடீரென இறுக்கிவிடக்கூடும். முதல் தரம் ஆஸ்பத்திரியில் வைத்து, முன்பே சல்பியூட்டமோல் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். வீட்டில் கறியுப்பைக் கரைத்துச் செய்யும் வேலை இல்லை இது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும். குழாயின் அடியில் உள்ள சளிக்கு அது எட்டாது. கொதிதண்ணீர்ச் சட்டி மடியில் கவிழ்ந்தால் வயதானவரின் தோல் தாங்காது. தைலம் கலந்த ஆவி சிலருக்கு இளைப்பையே கிளப்பிவிடும்.

காசில்லாத வழியொன்று உண்டு, அதை ஏனோ யாரும் மருந்தாகக் கணக்கெடுப்பதில்லை. நிமிர்ந்து இருந்து ஆறுதலாகச் சில மூச்சு. பிறகு ஆழமாக மூன்று நாலு மூச்சு. அதன்பின் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி வாயைத் திறந்து "ஹா" என்று ஊத வேண்டும். சளி மேலே ஏறியதும் ஒரு இருமலில் துப்பலாம். இயன்மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை பழகினால் போதும். விடாமல் கொக்குக் கொக்கென்று இருமிக் களைப்பதை விட இது எவ்வளவோ மேல். இதைச் செய்வதற்குச் சரியான நேரம் பம்ப் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு, ஏனென்றால் குழாய் விரிந்த பிறகுதான் சளி நகர இடம் கிடைக்கும். ஸ்டீரொயிட் பம்ப் எழுதியிருந்தால் சளி துப்பிய பிறகு அதை அடித்து, வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சணம் படியும்.

நீலப் பம்பை நாளுக்கு நாலைந்து தரம் தேட வேண்டியிருந்தால், பன்னிரண்டு மணியோ இருபத்துநாலு மணியோ நிற்கும் நீண்டநேர மருந்து வேண்டும் என்று பொருள். அதைக் கிளினிக்கில் கேளுங்கள். ஒரு பம்பில் 200 அமுக்கு. நாளுக்கு எட்டு என்றால் 25 நாளில் முடியும். தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. தொடங்கிய திகதியைப் பம்பிலேயே எழுதுங்கள். இப்ராட்ரோபியம், தியோட்ரோபியம் வகை எடுப்பவருக்கு கண் அமுக்கமோ புரஸ்டேட் வீக்கமோ இருந்தால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். சலம் அடைக்கலாம், மருந்துப் புகை கண்ணில் பட்டால் அமுக்கம் ஏறலாம். கண் கிளினிக்கில் தரும் திமோலோல் துளியோ மூச்சுக்குழாயை இறுக்கும். இரண்டு கிளினிக் கொப்பியையும் இரண்டு இடத்திலும் காட்டினால்தான் இது பிடிபடும்.

சளி வழமையை விடக் கூடிப் பச்சையோ மஞ்சளோ ஆனால், நடக்கும் தூரம் குறைந்தால், அந்தந்தப் பகுதி ஆஸ்பத்திரியிலோ மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்திலோ அன்றைக்கே காட்டுங்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், ஆள் மந்தமாகி உளறினால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை ஆளை முன்சாய்த்து இருத்தி, நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு அமுக்காகக் கொடுங்கள். எத்தனை வரை கொடுக்கலாம் என்பதைச் சுகமாக இருக்கும் நாளிலேயே டொக்டரிடம் கேட்டுக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். வருகிறவர்களிடம் "இவருக்கு சி.ஓ.பி.டி." என்று முதல் சொல்லாகச் சொல்லுங்கள். இந்த வருத்தக்காரர் சிலருக்கு ஒட்சிசனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு தேங்கி மயங்கிவிடுவார்கள். அதனால் விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிசன் அளவை 88 வீதத்துக்கும் 92 வீதத்துக்கும் இடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள்.